ஜிபிஎல் மென்பொருளோடு மூடிய செருகுநிரல்: 4 மாத அலைச்சல்

ஒருவழியாக நேற்று வெளியிட்டுவிட்டோம். எங்கள் ஒலி அளவீட்டு மென்பொருள் ஜிபிஎல் 3ஆம் பதிப்பு உரிமத்தில் இருக்கிறது. நிரலை விநியோகித்தால் முழு நிரலின் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்கிற கட்டற்ற மென்பொருள் உரிமம் அது. அளவீட்டுக் கருவியைத் தயாரித்தவர்கள் தந்த செருகுநிரலுக்கோ (பிளக்-இன், மென்பொருளோடு இணைந்து ஓடும் துணைநிரல்) மூலநிரலே கிடையாது. இரண்டையும் ஒரே தொகுப்பாகக் கேட்டார் வாடிக்கையாளர்.

முதலில் நாடிய ஆலோசகர், "தனிக் கோப்புதானே, பிரச்சினை இல்லை" என்றார். அதை நம்பி 3 வாரம் வீணானது. கோப்பு தனியாக இருப்பது எதையும் தீர்மானிக்காது. ஒரே நினைவகத்தில் ஏறி, ஒன்றையொன்று அழைத்து, தரவுக் கட்டமைப்புகளையும் பகிர்ந்துகொண்டால் இரண்டும் ஒரே நிரல் என்பதே ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. வாடிக்கையாளர் தன் கணினியில் தானே இணைத்துக்கொண்டால் தவறில்லை. நாங்கள் சேர்த்து விநியோகிக்கும்போதுதான் உரிமம் குறுக்கே நிற்கிறது. செருகுநிரலைத் தனி நிரலாக ஓடவிட்டு, பைப் (இரு நிரல்களுக்கிடையே தரவு அனுப்பும் குழாய்) வழியே பேசவும் வைத்துப் பார்த்தோம். நேரடி அளவீட்டில் ஒலி விட்டுவிட்டு வந்தது.

மிஞ்சியது, இந்தச் செருகுநிரலோடு சேர்த்து விநியோகிக்கலாம் என்று உரிமத்தின் 7ஆம் பிரிவின்படி கூடுதல் அனுமதி சேர்ப்பது. அதற்கு நிரலின் பதிப்புரிமையாளர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். எழுதியவர்கள் 11 பேர். 9 பேர் ஒரே வாரத்தில் ஒப்புதல் அனுப்பினார்கள். பத்தாமவர் மனமுவந்து அனுப்பிய கடிதம் செல்லாது! வேலையின் பகுதியாக எழுதியது என்பதால் பதிப்புரிமை அவருடைய முன்னாள் நிறுவனத்திடம் இருந்தது. அங்கே சட்டப் பிரிவு 6 வாரம் வாயே திறக்கவில்லை. பதினோராமவரின் மின்னஞ்சல் முகவரி செத்துக் கிடந்தது. அவருடைய 240 வரிகளை, அவற்றைப் பார்த்தேயிராத ஒருவரைக் கொண்டு புதிதாக எழுதினோம்.

முடிந்தது என்று மூச்சு விட்ட அன்றுதான் எஃப்எஃப்டிடபிள்யூ கண்ணில் பட்டது. அதிர்வெண் பகுப்பாய்வுக்கு நாங்கள் பயன்படுத்திய அந்த நூலகமும் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்தொகுப்பு) ஜிபிஎல். அடுத்தவர் நிரலுக்கு விதிவிலக்கு தர எங்களுக்கு ஏது உரிமை? மூடிய நிரலோடும் சேர்க்க அனுமதிக்கும் பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கும் கிஸ்எஃப்எஃப்டி என்ற நூலகத்துக்கு மாறினோம். வேகம் குறைந்தது, தாங்கிக்கொள்ளலாம்.

இதில் இறங்குபவர்கள், கடிதம் எழுதும் முன்பே இணைந்துள்ள நூலகங்களின் உரிமங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். "இதை எழுதியபோது யாரிடம் வேலை பார்த்தீர்கள்?" என்ற கேள்வியை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். சட்டப் பிரிவு கடைசியில் கையெழுத்திட்டு அனுப்பிய அந்த ஒரு பக்கத்தை நான் 3 இடங்களில் சேமித்து வைத்திருக்கிறேன்.