அம்மாவின் நேர்த்தியும் வால்சிங்கம் மாதாவும்

தம்பிக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று நாள் குறித்த இரவே அம்மா நேர்ந்துவிட்டார். பிள்ளை சுகமாக வீடு வந்தால் இங்கிலாந்தில் மாதா தலம் இருக்கும் வால்சிங்கத்தில் வெறுங்காலோடு நடப்பதாக. வந்தான். மாதாவுக்குக் கோடி நன்றி. ஆனால் அதற்குள் அம்மாவின் முழங்கால்கள் இரண்டும் விட்டுக்கொடுத்துவிட்டன. நேர்த்தி நேர்த்திதானே, கடனை வைத்திருக்கக்கூடாது. அம்மாவுக்குப் பதிலாக நான் நடப்பது என்று முடிவானது. சரி, ஆடி மாதத் தமிழர் யாத்திரைக்கே போவோம் என்று குடும்பமாகப் புறப்பட்டோம்.

லண்டனிலிருந்து விடியும் முன் கிளம்பியும் நோர்போக் பக்கத்துக் கிராமத்து ஒழுங்கைகளில் மாட்டிக்கொண்டோம். ஒரு கார் போகும் பாதையில் பஸ்ஸும் வானும் எதிரெதிரே நின்றால் என்ன செய்வது? கார் நிறுத்த இடம் கிடைப்பதற்குள் செபமாலை ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. வெளியே புற்றரையில் ஆயிரக்கணக்கில் சனம். வரிசையில் நிற்கும் வயதானவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னே போகிறவர்களையும், சொரூபத்துக்கு முன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறவர்களையும் பார்க்க மனம் நொந்தது. கும்பிட வந்த இடத்தில் பின்னால் நிற்கிறவருக்கும் வழிவிட வேண்டாமா?

வால்சிங்கத்தின் கதை 1061-இல் தொடங்குகிறது. ரிச்செல்டிஸ் என்ற சீமாட்டிக்கு மாதா காட்சி கொடுத்து, நாசரேத்தில் தான் வானதூதரின் மங்கள வார்த்தை கேட்ட வீட்டைக் காட்டி, அதைப் போலவே இங்கேயும் ஒரு வீடு கட்டச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. பிறகு அகுஸ்தீன் சபைத் துறவிகள் வந்து பெரிய மடத்தையும் கோயிலையும் எழுப்பினார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இதைவிடப் பெயர்பெற்ற மாதா கோயில் இல்லை. வரும் வழியெல்லாம் யாத்திரிகர்களுக்குச் சிறு ஆலயங்கள் இருந்தன. அவற்றில் கடைசியானது ஹோட்டன் செயின்ட் ஜைல்ஸ் கிராமத்தில், 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிய ஸ்லிப்பர் சாப்பல். புனித கத்தரீனம்மாளின் பெயரால் எழுந்த கோயில். இங்கே பாதணிகளைக் கழற்றிவிட்டு மிச்சம் ஒரு மைல் தூரத்தை வெறுங்காலோடு நடப்பார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகிற நமக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

முதலில் பார்க்கிறவர்களுக்கு அதன் சின்ன உருவம்தான் ஆச்சரியம். ஊரில் வீதியோரம் இருக்கும் சிற்றாலயங்களைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் மேற்கு முகப்பைப் பார்த்தால் கால் அசையாது. வாசலுக்கு மேலே கல்லிலேயே கொடியோடியது போல வளைந்து பின்னிய பெரிய ஜன்னல், பக்கங்களில் சொரூபம் வைக்கும் மாடங்கள், அவற்றின் மேல் நுணுக்கமாகச் செதுக்கிய விதானங்கள், எல்லாவற்றுக்கும் மேலே கூர்ந்து எழும் முகடு. கால்நடையாக வருகிறவர்கள் சற்று நேரம் தங்கிப் போகிற இடத்துக்கு இவ்வளவு வேலைப்பாடு! கட்டியவர்களின் பக்தியை அந்தச் சுவரிலேயே கண்டேன்.

இந்தக் கோயில் பட்ட பாட்டை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. எட்டாம் ஹென்றி அரசன் 1511-இல் மகன் பிறந்த நன்றிக்காக வால்சிங்கத்துக்கு வந்தவன். வெறுங்காலோடு நடந்தான் என்றும் சொல்கிறார்கள். அதே அரசனின் ஆட்கள்தான் 1538-இல் மடத்தை மூடினார்கள். மாதாவின் சொரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். ஸ்லிப்பர் சாப்பல் ஏழைகள் தங்கும் இடமாகவும், கொல்லன் பட்டறையாகவும், மாட்டுக்கொட்டிலாகவும் கிடந்தது. மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு சார்லட் பாய்ட் என்ற பெண்மணி சொந்தப் பணத்தில் அதை வாங்கிப் புதுப்பித்துக் கொடுத்தார். 1934-இல் அங்கே மறுபடி பூசை நடந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1906-இலேயே இறந்துவிட்டார். அவருடைய ஆன்மாவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

வரிசை ஊர்ந்து ஊர்ந்து எங்களை உள்ளே கொண்டுபோய் விட்டது. பழைய மடத்து முத்திரையில் இருந்த உருவத்தைப் பார்த்துச் செதுக்கிய சொரூபம். சிம்மாசனத்தில் மாதா, கையில் லீலி மலர்க்கோல், மடியில் பாலன். எரித்தவர்கள் முத்திரையை மறந்துபோனார்கள், அதிலிருந்து மாதா திரும்பி வந்துவிட்டார்! வழியெல்லாம் மனதில் அடுக்கிவைத்த செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அம்மா செபமாலை உருட்டிக்கொண்டிருந்த அந்த இரவு முழுவதும் அப்படியே கண்ணுக்குள் வந்தது. பக்கத்தில் தம்பி, சட்டைக்குள் அந்த நீளத் தழும்போடு, முழந்தாளில். அம்மா சக்கர நாற்காலியிலிருந்து எட்டி அவன் தலையில் கை வைத்து, "கொண்டுவந்து காட்டிவிட்டேன், தாயே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பின்னால் இடித்துக்கொண்டு நின்ற சனமும் அந்த நேரம் எனக்குத் தெரியவில்லை.

பூசை முடிந்து நடக்கத் தொடங்கினோம். நான் செருப்பைக் கழற்றியதும் அம்மாவும் தன்னுடையதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என் கணவர் நாற்காலியைத் தள்ளினார். ஒரு மைல்தானே என்று நினைத்திருந்தேன். வெயிலில் காய்ந்த தார், ஓரத்துக்கு ஒதுங்கினால் கூரான சல்லிக்கல். பாதி வழியில் குதிக்கால் வெடித்து இரத்தம் வந்தது. அப்போது ஹென்றியின் முதல் மனைவி கத்தரீன் அரசியின் நினைவு வந்தது. கணவனால் ஒதுக்கப்பட்டு 1536-இல் இறந்தபோது, தன் பெயரில் யாராவது ஒருவர் வால்சிங்கத்துக்கு யாத்திரை போகவேண்டும், வழியில் ஏழைகளுக்குப் பிச்சை கொடுக்கவேண்டும் என்று கடைசி விருப்பமாக எழுதிவைத்தவர். இன்னொருவருக்காக நடப்பது இந்தப் பாதைக்குப் புதிதல்ல என்று தெரிந்ததும் வலியோடு நடக்கத் தெம்பு வந்தது. அந்த அரசிக்காகவும் செபமாலையில் பத்து மணி சொன்னேன்.

கிராமத்தில் அந்தப் பெரிய மடத்துக் கோயிலில் இப்போது மிஞ்சியிருப்பது முக்கியமாகக் கிழக்கு ஜன்னலின் உயரமான வளைவுதான். நடுவில் கண்ணாடியும் இல்லை, சுவரும் இல்லை, வானம்தான் தெரிகிறது. பெரியது இடிந்துபோய், வழியில் இருந்த சின்னக் கோயில் நிலைத்து நிற்கிறது. அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் இலங்கையில் எங்கள் மடு மாதா கோயில்தான் நினைவு. 1670-இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து சொரூபத்தைக் காட்டுக்குள் தூக்கிப்போன சனம், 2008-இல் போர் நெருங்கியபோது மறுபடி தேவன்பிட்டிக்குத் தூக்கிப்போனதை அழுதுகொண்டே சொன்னார். எரித்தாலும் துரத்தினாலும் பிள்ளைகளைத் தேடி அவ திரும்பி வருவா என்றார்.

தாயே, தம்பியின் மூச்சுக்கு நன்றி. அவனுக்குக் கத்திபிடித்த கைகளுக்கு நன்றி. இந்த அந்நிய மண்ணிலும் தமிழில் உமக்குப் பாட ஒரு இடம் தந்ததற்கு நன்றி. அம்மா வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்லிவிட்டார், இது வால்சிங்கத்துக் கடன், மடுவுக்கு வேறாகப் போகவேண்டும் என்று. ஆவணிப் பெருநாளுக்கு விமான டிக்கெட் விலையைத் தம்பியே பார்க்கத் தொடங்கிவிட்டான்.