பச்சை ஐந்து, மஞ்சள் ஆறு, சிவப்பு ஏழு: திருகோணமலைப் பேச்சுக் கழகக் குறிப்புகள்

பெப்ரவரி 1, 2025, சனி

நான்கு மணிக் கூட்டம் 6.11க்கு முடிந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பதினொரு நிமிடம். எங்கே போனது என்பதற்கு நேரக்காப்பாளரின் தாளில் விடை இருக்கிறது. ஆயத்தப் பேச்சு மூன்றிலும் வணக்கம் சொல்ல மட்டும் எடுத்த நேரம்: 48 செக்கன், 55 செக்கன், 1 நிமிடம் 10 செக்கன். தலைவர் அவர்களே, பொது மதிப்பீட்டாளர் அவர்களே, இலக்கண அவதானிப்பாளர் அவர்களே என்று நிகழ்ச்சி நிரலை மேலிருந்து கீழே வாசித்து முடித்து, ‘இந்த அரிய வாய்ப்பை நல்கிய’ என்று அடுத்த சுற்று. கோயில் திருவிழா மேடைக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் அது பொருந்தும். ஏழு நிமிடப் பேச்சில் 1 நிமிடம் 10 செக்கன் என்பது ஆறில் ஒரு பங்கு. அந்தப் பங்கு முடிவுரையிலிருந்துதான் கழிகிறது. மூன்றாவது பேச்சாளருக்குக் கடைசி இரண்டு பந்தியும் நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு அட்டைக்குப் பிறகுதான் வந்தன. அப்போது சபை அவரைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தது.

‘தலைவரே, நண்பர்களே, வணக்கம்.’ மூன்று செக்கன். இது போதும். இன்னும் நல்லது, பேச்சின் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வணக்கத்துக்கு வருவது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும் என்பதிலும் இன்று குழப்பம். பேச்சுப் பயிற்சிக் கழகங்களின் உலக அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸின் விதி தெளிவானது: சபையோடு பேச்சாளர் சொல்லாலோ செயலாலோ தொடர்புகொண்ட முதற் கணத்திலிருந்து. அதாவது கைகூப்பினால் கடிகாரம் ஓடும். தாளை அடுக்குவதும் ஒலிவாங்கியை உயர்த்துவதும் கணக்கில் வராது. ‘வணக்கம் சொல்லி முடிந்த பிறகுதானே பேச்சு’ என்ற வாதம் இங்கே எடுபடாது.

மிச்ச நிமிடங்கள் அறிமுகத்தில் போயின. பேச்சாளரின் உத்தியோகம், படித்த பாடசாலை, பெற்ற பட்டம் எதுவும் தேவையில்லை. பேச்சின் தலைப்பு, எந்தப் பயிற்சிக்கான பேச்சு, எதைக் கவனிக்க வேண்டும் என்ற மூன்றும் 40 செக்கனுக்குள் அடங்கும். பெயரைக் கடைசியில் சொன்னால் கைதட்டல் தானாக வரும். அழைத்தவர் பேச்சாளர் வந்து சேரும்வரை மேடையைத் தனியே விட்டுப் போகக் கூடாது. கைகுலுக்கிப் பொறுப்பைக் கொடுப்பது டோஸ்ட்மாஸ்டர்ஸ் வழக்கம். எங்கள் சபையில் அது எல்லோருக்கும் தோதாக இல்லை. நெஞ்சில் கைவைத்தாலோ கைகூப்பினாலோ போதும் என்று முடிவு.

பெப்ரவரி 2, ஞாயிறு

அட்டைகள் பற்றி. மின்குமிழ்ப் பெட்டி அழகானது, கரண்ட் போனால் பயனில்லை. பிறிஸ்டல் போட்டில் ஏ4 அளவில் மூன்று அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். ஆயத்தப் பேச்சுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு முறையே 5, 6, 7 நிமிடத்தில். ஆயத்தமின்றிக் கேள்விக்குப் பதில் சொல்லும் உடனடிப் பேச்சுக்கு 1, ஒன்றரை, 2. மதிப்பீட்டுக்கு 2, இரண்டரை, 3. புதியவர் தம்மை அறிமுகப்படுத்தும் முதற் பேச்சுக்கு மட்டும் 4, 5, 6.

அட்டையைக் காட்டிவிட்டுக் கீழே வைப்பது பிழை. அடுத்த அட்டை வரும்வரை, சிவப்பானால் பேச்சு முடியும்வரை, உயர்த்தியபடி இருக்க வேண்டும். நேற்று நேரக்காப்பாளர் மேற்கு யன்னலுக்கு முன்னால் இருந்தார். நாலரை மணி வெயில் முதுகுப்பக்கம் அடித்ததில் பச்சையும் மஞ்சளும் பேச்சாளருக்கு ஒரே கறுப்பாகத் தெரிந்தன. இனிச் சுவரோரக் கதிரை. கைபேசியில் நேரம் பார்ப்பவர் விமானப் பயன்முறையைப் போடட்டும்: அழைப்பு வந்தால் கடிகாரம் மறைந்துவிடும்.

பெப்ரவரி 15, சனி

கன்னியா வெந்நீரூற்று பற்றி ஒரு பேச்சு. ஏழு கிணறு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு, இராவணன் தாய்க்குக் கருமம் செய்த கதை, வரலாறு, சுற்றுலா, பராமரிப்பு. எல்லாம் சரியான தகவல். சபை நான்காவது கிணற்றோடு களைத்துவிட்டது.

ஏழு நிமிடத்துக்கு ஏழு கிணறு கூடாது. முன்னுரைக்கு ஒரு நிமிடமும் முடிவுக்கு ஒரு நிமிடமும் எடுத்தால் நடுவில் ஐந்துதான் மிச்சம். ஐந்து நிமிடத்தில் ஒரு கருத்தை நிறுத்தலாம், இரண்டைத் தாங்கலாம், மூன்றாவது வந்தால் முதலாவது விழுந்துவிடும். இதே பேச்சாளர் ஒரே ஒரு கிணற்றடியில் நின்று, வாளி நீர் தலையில் விழும் அந்தக் கணத்திலிருந்து தொடங்கியிருந்தால், சூட்டின் வேறுபாடு என்ற ஒரே கேள்வியில் மற்ற ஆறும் தாமாக உள்ளே வந்திருக்கும்.

பேச்சை எழுதி வருவோருக்கு ஓர் அளவு. தமிழ்ச் சொல் நீளமானது. ‘போய்க்கொண்டிருந்தவர்களிடம்’ என்பது ஒரு சொல். எங்கள் கூட்டங்களில் எண்ணிப் பார்த்ததில் நிதானமாகப் பேசுவோர் நிமிடத்துக்கு 90 சொல்லை ஒட்டி நிற்கிறார்கள். ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நூல்கள் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்து 900 சொல் எழுதிவந்தால் மூன்றில் ஒரு பங்கு மேடையில் நிற்காது. 550க்குள் எழுதினால் நிறுத்தங்களுக்கும் இடம் இருக்கும்.

ஊரைப் பற்றிப் பேசுவோருக்கு இன்னொன்று: ‘உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றான’ என்று தொடங்க வேண்டாம். இந்த மண்டபத்தில் அது தெரியாதவர் யாரும் இல்லை.

கூட்டத்தில் எல்லோரும் பயன்படுத்திப் பார்க்கக் கொடுத்த இன்றைய சொல் ‘தோது’. ஒன்பது தடவை பயன்பட்டது. போன கூட்டத்துக்கு ஒரு கனமான இலக்கியச் சொல்லைக் கொடுத்து, இரண்டு மணித்தியாலத்தில் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. சொல் தெரியாததாக இருக்கலாம். அன்றாட வாக்கியத்துக்குள் நுழைய முடியாததாக இருக்கக் கூடாது. தோதான, தோதாக, தோதில்லை என்று மூன்று வடிவத்தில் வளைந்தால் அது நல்ல தெரிவு.

தடுமாற்றச் சொற்கள்: ‘வந்து’ 31, ‘அதாவது’ 14, ‘என்ன சொல்லலாம்’ 6. ‘வந்து’வை எண்ணுபவர் கவனிக்க: ‘வீட்டுக்கு வந்து சொன்னார்’ என்பதில் வருவது வினை, அதை எண்ணக் கூடாது. தொண்டையைச் செருமுவதையும் எண்ண வேண்டியதில்லை.

பெப்ரவரி 19, புதன்

ஒலிவாங்கி ஒத்திகை. அரை மணித்தியாலம் போதுமானதாக இருந்தது.

நான்கு விரல் தூரம், வாய்க்கு நேரே அல்ல, நாடிக்குக் கொஞ்சம் கீழே. நேரே பிடித்தால் ‘ப’வும் ‘ப்ப’வும் வெடிக்கும், தமிழில் அவை அடிக்கடி வரும். கடற்பக்க யன்னல் திறந்திருந்தால் காற்று நேரே ஒலிவாங்கியின் தலைக்குள் அடித்து இரைகிறது. நுரை உறை இல்லாவிட்டால் மெல்லிய கைக்குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி றப்பர் வளையம் போடலாம். கூவல் வந்தால் எல்லோரும் ஒலிவாங்கியைக் கையால் பொத்துகிறார்கள். அது கூவலைக் கூட்டும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் திரும்ப ஒலிவாங்கிக்குள் போவதுதான் காரணம். ஒலிபெருக்கி பேச்சாளருக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பேச்சாளர் அதற்கு முன்னால் நடந்துபோகக் கூடாது.

முப்பது பேருக்குள் என்றால் ஒலிவாங்கியே வேண்டாம். மின்விசிறியின் வேகத்தை ஒரு படி குறைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மார்ச் 1, சனி

இன்று ஆயத்தப் பேச்சுகளை விட மதிப்பீடுதான் குறிப்பில் அதிகம் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பேச்சு. மதிப்பிட்டவர் இருபதுகளில் இருக்கும் தங்கச்சி. மூன்று நிமிடத்தில் இரண்டேமுக்கால் நிமிடம் புகழ்ச்சி: ‘சேர் மிக அருமையாகப் பேசினார், சேருடைய குரல் கம்பீரம், சேரிடம் குறை சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை.’ மரியாதை என்ற வகையில் பிழையே இல்லை. சேருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இடைவேளையில் தேநீரோடு அவரே வந்து, ‘பிள்ளை, எங்க பிழைச்சனான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே’ என்று கேட்டார்.

மூப்பைத் தொடாமல் பேச்சைத் தொடுவதற்கு வழி இருக்கிறது. எழுவாயை மாற்றினால் போதும். ‘நீங்கள் வேகமாகப் பேசினீர்கள்’ என்பதைவிட ‘மூன்றாம் நிமிடத்திலிருந்து பேச்சின் வேகம் கூடியது’ என்று சொல்லலாம். ‘உங்கள் முடிவு சரியில்லை’ என்பதற்குப் பதிலாக, ‘முடிவில் வந்த கேள்வியை முன்னுரையிலும் கேட்டிருந்தால் வட்டம் பூர்த்தியாகியிருக்கும்’. பேச்சாளர் கதிரையில் இருக்கிறார், பேச்சு மேசையில் கிடக்கிறது. இருவரும் சேர்ந்து அதைப் பார்க்கிறோம். அந்த நிலையில் ஐம்பது வயது வித்தியாசமும் தாங்கும்.

‘அருமை’ என்பது மதிப்பீடாகாது. பேச்சாளர் சொன்ன வாக்கியம் ஒன்றை அப்படியே எழுதிவைத்து, திருப்பிச் சொல்லி, அது ஏன் வேலை செய்தது என்று சொல்வதே பாராட்டு. அதற்கு நடுவில் கோடு போட்ட தாள் ஒன்று உதவும்: இடப்பக்கம் கேட்ட சொற்கள், வலப்பக்கம் கேட்டவருக்கு என்ன நடந்தது. ‘இங்கே கவனம் சிதறியது’, ‘இங்கே சிரிப்பு வரவேண்டியது, வரவில்லை’. இந்த வலப்பக்கம்தான் பேச்சாளர் தாமாக அறிய முடியாதது.

பரிந்துரை ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஐந்து சொன்னால் வீட்டுக்குப் போகும்போது ஒன்றும் மிஞ்சாது. சொல்லும் ஒன்றையும் செய்து காட்ட வேண்டும்: ‘இங்கே ஒரு நிறுத்தம் விடலாம்’ என்று சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை நிறுத்தத்தோடு பேசிக் காட்ட வேண்டும். பேச்சுக்கு முன்னரே ‘இன்று எதைக் கவனிக்கட்டும்?’ என்று கேட்டுக்கொள்வதும் மதிப்பீட்டாளரின் வேலைதான். இன்று அது நடக்கவில்லை.

கேட்பவர் உடனே கருத்துச் சொல்லும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இது இன்னொரு சொற்பொழிவு மேடைதான். டோஸ்ட்மாஸ்டர்ஸ் நிறுவனர் ரால்ஃப் ஸ்மெட்லி 1924 ஒக்டோபர் 22இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரத்து வை.எம்.சி.ஏ.யில் தொடங்கியது பாடம் நடத்தும் வகுப்பு அல்ல. ஒருவரை ஒருவர் கேட்டுத் திருத்தும் கூட்டம்.

மார்ச் 15, சனி

நோன்பு மாதம். மாலை ஆறேகால் அளவில் நோன்பு துறக்கும் நேரம், அதற்கு முன் வீடு சேர வேண்டும் என்பதால் 3.30க்குத் தொடங்கி 5.15க்கு முடித்தோம். இடைவேளையும் தேநீரும் இல்லை. மூன்று பேச்சை இரண்டாகக் குறைத்தோம். கூட்டம் இறுக்கமாக இருந்தது. மற்ற மாதங்களிலும் இந்த நேரம் போதும் போலிருக்கிறது.

உடனடிப் பேச்சு. கேள்வி கேட்பவர் முதலில் பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வியைச் சொன்னார். பெயர் விழுந்ததும் மற்ற எல்லோரும் மூச்சுவிட்டுச் சாய்ந்துகொண்டார்கள். கேள்வி முதலில், ஐந்து செக்கன் அமைதி, பிறகு பெயர். அப்போது சபை முழுவதும் மனதுக்குள் விடை தேடும்.

‘சமூக ஊடகங்களின் நன்மை தீமைகள் என்ன?’ என்பது பரீட்சைக் கேள்வி. அதற்கு வரும் விடையும் பரீட்சை விடையாகவே இருந்தது. ‘பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான் ஒன்று உங்களை வழிமறித்து ஒரு முறைப்பாடு சொன்னால், அது எதைப் பற்றி?’ என்ற கேள்விக்குப் பொலித்தீன் பை பற்றி ஒரு நிமிடம் 50 செக்கன் நல்ல பேச்சு கிடைத்தது. கேள்வி 15 செக்கனுக்குள் அடங்க வேண்டும். ஆம், இல்லை என்று முடியக் கூடியதாக இருக்கக் கூடாது.

பதில் சொல்வோருக்கு: முதலில் முடிவைச் சொல்லுங்கள், பிறகு ஒரு காரணம், கண்ணால் காணக்கூடிய ஒரு காட்சி, திரும்ப முடிவு. ‘இது மிக நல்ல கேள்வி’ என்று தொடங்குவது நேரம் வாங்கும் தந்திரம் என்பது எல்லோருக்கும் தெரியும். நேரம் வேண்டுமானால் மூன்று செக்கன் பேசாமல் நிற்கலாம்.

பேச்சு வழக்கா மேடைத் தமிழா என்று புதியவர் ஒருவர் கேட்டார். இரண்டையும் கலக்கலாம், ஒரே வாக்கியத்துக்குள் கலக்கக் கூடாது. கதை சொல்லும் குரல் ‘அவர் கேட்டார்’ என்று போகட்டும். பாத்திரம் வாய் திறந்தால் ‘எங்க போறியள்?’ என்றே வரட்டும். ‘நான் போனனான், அங்கே கண்டேன்’ என்பதுதான் காதில் இடறுகிறது.

ஏப்ரல் 5, சனி

கழக மட்டப் பேச்சுப் போட்டி. ஐந்து போட்டியாளர், வரிசை சீட்டெடுத்து. ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு நடுவர்கள் எழுத ஒரு நிமிட அமைதி. அதில் கதைக்கக் கூடாது என்று இரண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது.

புள்ளித்தாளில் உள்ளடக்கத்துக்கு 50, வழங்கும் முறைக்கு 30, மொழிக்கு 20. அந்த 50இல் பேச்சின் கட்டமைப்புக்கு மட்டும் 20. குரலுக்குப் பத்துத்தான். அடுக்குமொழியும் உரத்த குரலும் வெற்றி தரும் என்று நம்பி வருவோர் இந்தத் தாளை முன்கூட்டியே ஒரு தரம் வாசிக்க வேண்டும். நடுவர் தரும் முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1. சமநிலை வந்தால் மட்டுமே சமநிலை நடுவரின் தாளைப் பிரிப்பார்கள்; இன்று பிரிக்கவில்லை.

ஒரு தகுதிநீக்கம். நான்கரை நிமிடத்துக்குக் குறைந்தாலோ ஏழரைக்கு மேலே போனாலோ பேச்சு எவ்வளவு நல்லதானாலும் போட்டியில் இல்லை. இது 7 நிமிடம் 34 செக்கன். பெயரை அறிவிப்பதில்லை என்பது விதி. நேரத்தால் ஒரு நீக்கம் உண்டு என்று மட்டும் சொன்னோம். காரணம் எழுதிவைக்கத் தக்கது. வீட்டில் தனியே ஒத்திகை பார்த்தபோது 6 நிமிடம் 50. மண்டபத்தில் சனம் மூன்று இடத்தில் சிரித்தது, ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பத்துச் செக்கன். வெளியே ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடித்ததில் ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார். சிரிக்கவைக்கும் பேச்சுக்குத் தனி ஒத்திகையில் 6 நிமிடம் 10க்கு மேல் போகக் கூடாது. சிவப்பைக் கண்டதும் தாவிப் போகக்கூடிய பந்தி எது என்பதையும் முன்பே குறித்திருக்க வேண்டும்.

2014இல் கோலாலம்பூரில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டியை வென்ற இலங்கையர் தனஞ்சய ஹெட்டியாராச்சியின் காணொளியைப் பலர் பார்த்துவிட்டு வருகிறார்கள். கை அசைவு அப்படியே வந்துவிடுகிறது. பார்ப்பதானால் கைக்கடிகாரத்தோடு பாருங்கள்: சபை சிரிக்கும்போது எவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறார் என்று அளந்து எழுதுங்கள். அவருக்கும் அதே ஏழரை நிமிடந்தான்.

சிவப்பு அட்டையின் மூலை பிய்ந்துவிட்டது. மூன்றையும் புதிதாக வெட்ட வேண்டும். இந்த முறை மஞ்சளில் ஒரு தடித்த கறுப்புக் கோடு, சிவப்பில் இரண்டு. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் தெரியும்.