குழி தோண்டி ஓடிப் பார்த்தேன்: 100 கெஜம், ஆறு வாரம்

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவர் ஆர்தர் டஃபி 1902-இல் 100 கெஜத்தை 9.6 விநாடியில் ஓடினார். காலை ஊன்றி உந்த இரும்புக் கட்டை இல்லை. தடமோ எரிந்த நிலக்கரிக் கசடைப் பொடித்துப் பரப்பியது. பிறகு எதை உதைத்து எழுந்தார்? மண்ணைத்தான். அக்காலத்து ஓட்டக்காரர்கள் கையோடு ஒரு சிறு கரண்டி கொண்டுவந்து, கோட்டுக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு குழி பறித்துக்கொள்வார்கள். 1936-இல் பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸும் அப்படித்தான் செய்தார்.

எனக்கு வயது 41. வீட்டுக்கு அருகே ஒரு செம்மண் மைதானம் இருக்கிறது. செய்து பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

முதல் வாரம் அளப்பதிலேயே போயிற்று. 100 கெஜம் என்றால் 91 மீட்டர் 44 சென்டிமீட்டர். 30 மீட்டர் டேப்பை மூன்று முறை நீட்டி, மிச்சத்தைச் சேர்த்துச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். நின்றபடி தொடங்கி ஓடியதில் 16.4 விநாடி. மகன் சிரித்தான்.

இரண்டாம் வாரம் குழி பறித்தேன், தென்னங்கன்று நடுவதுபோல் கிண்ணமாக. உந்திய கணத்தில் பின்சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது; முழங்காலில் நல்ல சிராய்ப்பு. பின்சுவர் செங்குத்தாக நிற்காவிட்டால் குழியால் பயனில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளிலிருந்து முந்தின மாலையே தண்ணீர் தெளித்துவைத்து, காலையில் மண் பாதி காய்ந்திருக்கும்போது கொத்தனார் கரண்டியால் சீவினேன். ஆழம் நான்கு விரல். முன்குழி கோட்டிலிருந்து இரண்டு சாண் தள்ளி. பின்குழிக்கு அளவே வேண்டாம்: மண்டியிட்டால் பின்கால் முட்டி முன்கால் விரல்களுக்குப் பக்கத்தில் வர வேண்டும், அவ்வளவுதான். யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஷெரில் 1880-களின் இறுதியில் இப்படிக் குனிந்து தொடங்கிக் காட்டிய பிறகே இந்த முறை பரவியது.

மூன்றாம் வாரம் காவலாளி வந்தார். "சார், ஓடுவது உங்கள் இஷ்டம். குழியை மூடிவிட்டுப் போங்கள், சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும்." நியாயம்தான். ஆனால் மூடிய இடம் மறுநாள் புட்டுமாவாக இருக்கிறது. தினமும் ஓரடி நகர்ந்தே பறிக்க வேண்டும். ஒரே தடத்தில் ஒரு பிற்பகல் முழுக்கப் போட்டி நடந்தால் தொடக்கக் கோடு என்ன கதிக்கு ஆளாகும்! 1920-களின் இறுதியில் அயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜார்ஜ் ப்ரெஸ்னஹான் உந்துகட்டையை உருவாக்கியதன் அருமை எனக்கு அன்று புரிந்தது. 1929-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் சிம்ப்சன் அதில் காலூன்றி 9.4 ஓடினார், கட்டை வைத்து ஓடியதால் உலக சாதனையாக ஏற்கவில்லை. ஒலிம்பிக்கில் கட்டை வந்தது 1948-இல்தான்.

இடையில் ஓர் அசட்டுத்தனம்: தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லி பேடாக்போல் இறுதிக் கோட்டில் பாய்ந்து பார்த்தேன். கணுக்கால் நான்கு நாள் வீங்கியது. அவர் 1920-இல் ஒலிம்பிக் 100 மீட்டர் தங்கம் வாங்கியவர், பாயலாம்.

ஆறாம் வாரம் மனைவி, மகன், எதிர்வீட்டு நண்பர் என மூன்று பேர் கையில் கடிகாரம் கொடுத்தேன். 15.2, 15.5, 15.6 என்று காட்டின. அக்கால வழக்கப்படி நடுவில் நிற்பதை எடுத்துக்கொண்டால் 15.5. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அரைமணி ஓய்வெடுத்து, குழி இல்லாமல் நின்று தொடங்கினேன்: நடு அளவு 15.7. ஆறு வார மண்வேலைக்குக் கிடைத்தது 0.2 விநாடி, மூன்று கடிகாரங்களுக்குள் இருந்த சண்டையே 0.4.

பின்குழியை இரண்டு விரல் முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். மழை விடட்டும்.