உள்ளே போன பந்து

காரைக்குடியில் நான் படித்த கல்லூரியின் சிமென்ட் ஆடுகளத்தில், வெயில் தாழ்ந்தபின் நடக்கும் கூடைப்பந்துப் பயிற்சியைப் பார்க்க இப்போதும் அவ்வப்போது போவதுண்டு. இந்த ஆண்டு அணியில் நெடுநெடுவென்று ஒரு பையன் சென்டராக, அதாவது கூடையடியில் நின்று ஆடுபவனாக, ஆடுகிறான். சென்ற வாரம் அவன் தடுப்பாளரை முதுகால் அடைத்து, கையை உயர்த்திப் பந்து கேட்டுக்கொண்டே நிற்க, வெளியே நின்று பந்தை நகர்த்தும் கார்டுகள் இருவரும் 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்தே எறிந்து வீணாக்கினார்கள். கூடைக்கு முன்னுள்ள பெயிண்ட் என்ற கட்டத்தில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதிக்குப் பயந்து அவன் அதை விட்டு விலகினான்.

இடைவேளையில் ஒரு கார்டிடம், "ஏன் தம்பி உள்ளே கொடுக்கவில்லை?" என்று கேட்டேன்.

"கொடுத்தா திரும்பி வராதுண்ணே" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. கூடையடியில் ஒருவர் தனியாகப் புள்ளி எடுக்க வல்லவரானால், அவரை அடக்க இரண்டாவது தடுப்பாளர் ஓடி வந்தாக வேண்டும். அப்போது வெளியே ஒருவர் காவலின்றி நிற்பார். பந்து அவரிடம் திரும்பினால்தான் உள்ளே கொடுத்ததற்குப் பலன். இதை அறிந்த எதிரணி இரண்டாமவரை அனுப்பாமலே இருக்கலாம். 2024 அமெரிக்கக் கல்லூரி இறுதிப் போட்டியில் கனெக்டிகட் அணி அதைத்தான் செய்தது. ஏழடி நான்கங்குல உயரமுள்ள எதிரணியான பர்டூவின் சென்டர் சாக் ஈடியைப் பெரும்பாலும் ஒருவரிடமே விட்டு, மற்றவர்கள் வெளியே எறிபவர்களை விட்டு நகரவில்லை. ஈடி 37 புள்ளி எடுத்தார். பர்டூவுக்கு மூன்று புள்ளி எறிதல் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. 60-75 என்று தோற்றது.

எங்கள் பையனுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. பந்து கிடைத்ததும் இடுப்புவரை இறக்கிவிடுகிறான். குள்ளமான கார்டுகூடத் தட்டிவிடுகிறான். தாடைக்குக் கீழே பிடித்து, முழங்கைகளை விரித்து, தடுப்பாளரின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதுகாலேயே உணர வேண்டும். அவர் கூடைக்கு எதிரே உள்ள ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால், கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோட்டுப் பக்கத்துக் காலைப் பின்னோக்கி நீட்டி வைத்து, இடுப்பால் அவரை அடைத்து, ஒரே தட்டில் எழும்ப வேண்டும். ஓரத்துச் செம்மண் பறந்து வந்து படியும் அந்தத் தரையில் கால் வழுக்கும் என்பது வேறு விஷயம்; நானே இரண்டு முறை முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இடைவேளைக்குப் பின் கார்டு அரைமனத்தோடு உள்ளே கொடுத்தான். இருவர் சூழ்ந்ததும் பையன் எதிர்மூலையைப் பார்த்து வீசினான். மூலையிலிருந்தவன் எறிந்தது வளையத்தில் பட்டுத் தெறித்தது. அடுத்த முறையும் கார்டு உள்ளேதான் கொடுத்தான்.