சுங்கை சிப்புட்டுக்கு ரயிலில் ஒரு கல்யாணப் பயணம்

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் ஈடிஎஸ் மின்சார ரயில் ஏறினால் ஈப்போ தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். எல்லா வண்டியும் அங்கே நிற்பதில்லை, நேரத்தைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

1948 ஜூனில் மூன்று ஐரோப்பிய ரப்பர் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயா அவசரகாலச் சட்டத்துக்குள் போனது இந்த வட்டாரத்தில்தான். நான் போனதோ மாமா மகள் கல்யாணத்துக்கு.

ஸ்டேஷனில் இறங்கி மண்டபத்துக்கு நடந்தே போய்விட்டேன். வாசலில் எனக்கு முன்னால் தைப்பிங் பெரியம்மா! கையில் குடை, தோளில் துணிப்பை, மொய்க் கவரைப் பைக்குள் ஊக்குக் குத்தி வைத்திருந்தார்.

"யாரோடு வந்தீங்க பெரியம்மா?"

"யாரோடு வரணும்? டிக்கெட் எடுத்தேன், ஏறினேன், வந்துட்டேன்."

போன வருஷம் இன்னொரு வீட்டுக் கல்யாணம், நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய மண்டபத்தில். கார் நிறுத்தக் கடல்போல் இடம். பஸ் மட்டும் கிடையாது. பெரியம்மாவை மகன் கூட்டி வந்தான், அவனுக்கு வேலை என்பதால் பாயசம் வருமுன்னே எழுப்பிக் கொண்டும் போய்விட்டான். இந்த முறை அவர் பந்தியில் உட்கார்ந்து, அப்புறம் பழைய தோட்டத்து ஆட்களோடு மாலைவரை பேசிக்கொண்டிருந்தார்.

நம்மவர்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை கோவிலும் பள்ளியும் லயத்து வீட்டு வரிசையிலிருந்து நடக்கிற தூரம். வெளியூர்க் கல்யாணம் என்றால் தோட்டத்து லாரி. தோட்டங்கள் கைமாறி, ஆட்கள் ஆளுக்கொரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, போன பிறகு கார் இல்லாதவர் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலை முருகன் கோவிலைப் பாருங்கள். 2010இல் கோவில் பக்கத்திலேயே கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலுக்கு ஸ்டேஷன் வந்தது. தைப்பூசத்துக்கு இரவு முழுக்க ரயில் ஓடுகிறது. கைக்குழந்தையும் பால்குடமுமாக வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் குளிர்சாதனம், மேடை, வாடகை எல்லாம் விசாரிக்கிறார்கள், ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்பதில்லை. வாடகையில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்பேன். வேன் பிடிக்கும் செலவு மிச்சம்தானே.

ஆனால் ஒன்று, இதெல்லாம் காலை முகூர்த்தத்துக்குச் சரி. நம்மவர்கள் ராத்திரி விருந்து வைத்து, மேடைப் பேச்சு முடியவே பதினொன்றாக்கினால் ரயிலை நம்பி வந்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்க வேண்டியதுதான். திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுப் பத்திரிகை அடியுங்கள்.