"சின்ன வயசுல அம்மை போட்டுச்சாண்ணே?"

போன வாரம் முடிவெட்டும் கடையில் மறுபடியும் அந்தக் கேள்வி. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வழக்கமாகப் போகிற கடை, வெட்டுவது தஞ்சாவூர்ப் பையன். இடது கன்னத்தில் இருக்கும் குழியில் சவரக்கத்தி தடுக்கும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடுவார்கள். "சின்ன வயசுல அம்மை போட்டுச்சாண்ணே?" ஆமாம் என்றேன். பாதிப் பொய். அம்மைதான், ஆனால் 34 வயதில் போட்டது. குரங்கம்மை.

2022 ஜூலை. லண்டனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை, நான் மின்விசிறிகூட இல்லாத ஒற்றை அறையில் கிடந்தேன். எண்ணிப் பார்த்தால் உடம்பில் பதினேழே கொப்புளம். கன்னத்தில் இரண்டு, உள்ளங்கையில் ஒன்று, மிச்சமெல்லாம் இடுப்புக்குக் கீழே. ஆசனவாயில் வந்தவைதான் உயிரை எடுத்தன. வெளிக்குப் போகும்போது துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொள்வேன். வலிக்குக் கொடுத்த கோடீன் மாத்திரை மலத்தை இறுக்கிவிட்டது. இறுகினால் வலி, வலிக்கு மாத்திரை, மாத்திரையால் இன்னும் இறுக்கம். அப்புறம்தான் மலமிளக்கி சிரப் தந்து, வெந்நீர்த் தொட்டியில் உட்காரச் சொன்னார்கள்.

நாலாவது வாரம் கடைசிப் பொருக்கும் உதிர்ந்து புதுத்தோல் வந்தது. இனித் தனிமை வேண்டாம், 12 வாரம் ஆணுறை கட்டாயம் என்று போனில் சொன்னார்கள். அத்தோடு என் கோப்பை மூடிவிட்டார்கள்.

தோல் ஆறினாலும் உடம்பு நம்பவில்லை. காலையில் கழிவறைக் கதவைத் திறந்தாலே உள்ளங்கை வேர்க்கும், கீழே தசை தானாக இறுகிக்கொள்ளும். இறுக்கத்தோடு முக்கினால் வெடிப்பு, வெடித்தால் ரத்தம், ரத்தத்தைப் பார்த்தால் மறுநாள் இன்னும் பயம். பயத்தில் சாப்பாட்டைக் குறைத்தேன். ஆறு மாதத்தில் ஏழு கிலோ போனது. அலுவலகத்தில் "நல்லா மெலிஞ்சிட்டியே, என்ன டயட்?" என்றார்கள். ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, புண் எதுவும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, புண் இல்லைதான். ஆனால் அந்த வாக்கியத்தோடு வீடு திரும்பி, எல்லாம் என் மனப்பிரமை என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வழிகாட்டியது ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா. இடுப்புக்கு அடியில் இருக்கும் தசைகளைத் தளர்த்தப் பழக்கினார். காலுக்கடியில் முக்காலி, முட்டி இடுப்பைவிட உயரத்தில், வயிறு உப்பும்படி மூச்சு, முக்கவே கூடாது. ஊரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவரை இலவசமாகக் கிடைத்த வித்தையை இங்கே தவணை தவணையாகக் கற்றுக்கொண்டேன். நாலு மாதம் ஆனது.

நியூயார்க்கிலும் ஹூஸ்டனிலும் 2022 குரங்கம்மைத் தொற்றில் சிக்கியவர்களை ஒரு வருடம் கழித்து ஆய்வில் பார்த்தபோது, பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு உடல் சுவடு மிச்சமிருந்ததாம். பெரும்பாலும் தழும்பும் நிறமாற்றமும். சிலருக்கு என்னைப்போலக் கீழே தொல்லை. படித்ததும் எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. பைத்தியம் பிடிக்கவில்லை என்று ஒரு நிம்மதி.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாராவது தொடவந்தால் இரண்டு வருடம் விலகித்தான் நின்றேன். தொடையில் ஒரு பரு வந்தாலும் போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பேன். 2024 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் குரங்கம்மைக்கு மறுபடி அவசரநிலை அறிவித்த இரவு, டார்ச்சோடு ஒரு மணிநேரம் கண்ணாடி முன் நின்றேன். அது காங்கோவில் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த வேறு வகை. அது தெரிந்தும் நின்றேன்.

அம்மாவிடம் அப்போது சின்னம்மை என்றுதான் சொல்லியிருந்தேன். வீடியோவில் தினமும் உத்தரவு வரும். சொறியாதே, தாளிக்காதே, கறி மீன் ஆக்காதே, இளநீர் கிடைக்காதா அங்கே? அவள் 1958-இல் பிறந்தவள். புஜத்தில் பெரியம்மைத் தடுப்பூசி குத்திய வட்டத் தழும்பு இருக்கும். சின்ன வயதில் அதில் விரல் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். அந்த ஊசி குரங்கம்மையையும் ஓரளவு தடுக்கும். பெரியம்மையே ஒழிந்துவிட்டதென்று அதைக் குத்துவதை நிறுத்திப் பல வருடம் கழித்து, 1988-இல் பிறந்தவன் நான்.

போன சித்திரையில் மதுரை போனேன். வாசல் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குழியில் கட்டைவிரலை வைத்தாள். "சின்னம்மைக்கு இவ்வளவு ஆழமா விழாதேய்யா." நான் பேசவில்லை. எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அவளும் கேட்கவில்லை. இந்தப் பதிவில் ஏன் என் பெயர் இல்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து, "தலைக்குத் தண்ணி ஊத்துனாங்களா அங்க?" என்றாள்.

"யாரும்மா ஊத்துவா?"

மறுநாள் காலையிலேயே அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மொட்டைமாடியில் வைத்துவிட்டாள். சித்திரை வெயிலில் பத்து மணிக்கே தண்ணீர் சுட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு 37 வயது ஆள் உட்கார்ந்திருக்க, மூன்று சொம்பு ஊற்றினாள். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த அத்தை, "யாருக்கு அம்மை போட்டிருக்கு?" என்று பதறினார். "இப்ப இல்ல, அப்ப போட்டது" என்றாள் அம்மா. ஒரு வேப்பிலை காதுக்குள் போய்விட்டது. அதை எடுக்கச் சாயங்காலம்வரை ஆனது.