திருநீர்மலை: நாலு ஊர்ப் பெருமாளும் ஒரே இடத்தில்

திவ்ய தேசம், அதாவது ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களின் தரிசனம் என்றாலே வேன் பேசிக்கொண்டு கும்பகோணம் கிளம்புவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இந்தத் தடவை அத்தைக்கு முட்டிவலி, நீண்ட பயணம் ஆகாது. சரி, பல்லாவரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் திருநீர்மலை என்று புறப்பட்டோம்.

அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம், தாயார் அணிமாமலர் மங்கை. மேலே ரங்கநாதர் கிடந்த கோலம், நரசிம்மர் இருந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். நறையூரில் நின்றவன், திருவாலியில் இருந்தவன், குடந்தையில் கிடந்தவன், கோவலூரில் நடந்தவன், எல்லோருக்கும் இடம் இந்த மலைதான் என்று திருமங்கையாழ்வார் பாடிவைத்திருக்கிறார். நாங்கள் வேன் வைத்துச் சுற்றியதும் அந்த ஊர்களைத்தான்!

படியேறுவதற்குள் அத்தை நாலு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நரசிம்மர் சன்னதியில் அர்ச்சகர் தீபத்தைத் திருமுகத்திலிருந்து மெல்லத் திருவடிக்கு இறக்கினார். அந்த வெளிச்சத்தில் துளசி மாலையின் ஈரம்கூடத் தெரிந்தது. பின்னால் நெருக்கித் தள்ள ஆளில்லை. பெரிய க்ஷேத்திரங்களில் இப்படி நின்று சேவிக்க வாய்க்குமா?

வெளியே வந்தால் நல்ல காற்று. ஒரு பக்கம் விமான நிலையம், அதைத் தாண்டி திருசூலம் குன்றுகள். 1863-இல் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்தில்தான். தினமும் மின்சார ரயிலில் கடக்கிற ஊருக்கு இவ்வளவு வயது.

ஆழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதாம். வடிகிறவரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலபுராணம். ஆறு மாதம் அதிகம்தான் என்று முன்பெல்லாம் தோன்றும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, ஓடுபாதையில் வெள்ளம் நின்று, விமான நிலையத்தையே சில நாட்கள் மூடினார்களே, அதைப் பார்த்த பிறகு ஆழ்வாரை நம்பாமல் இருக்க முடியவில்லை. ஏரியும் ஆறுமாகக் கிடந்த பூமி இது. கட்டடங்கள் வந்ததெல்லாம் நேற்று.

கீழே இறங்கித் தாயாரைச் சேவித்ததும், முட்டியைத் தேய்த்துக்கொண்டே அத்தை கேட்டார்: “ஏம்ப்பா, திருசூலத்துல சிவன் கோயில் இருக்காமே, ரொம்ப தூரமா?”

பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன்தான், அத்தை.